ஒன்றும் வாங்கவில்லை

சனத்நகரில் இருந்த அந்த அரசாங்கத் தொழிற்சாலைக்கு யார் ஃபோன் செய்தாலும் முதலில் கேட்பது ஜெயசுந்தரியின் குரலைத்தான். டெல்லி அதிகாரி தமிழ் வாடை அடிக்கும் அவளுடைய இங்கிலீஷைக் கேட்பார். உள்ளூர்க் காண்டிராக்டர் தெலுங்கைக் கேட்பார். அவள் அப்பா ரயில்வே வேலைக்காகத் திருநெல்வேலியிலிருந்து செகந்திராபாத் வந்தவர். பிறந்து வளர்ந்தது இங்கேயே என்பதால் தெலுங்கும் உருதுவும் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு போர்டுக்கு முன் உட்கார்ந்துவிட்டால், குரலை வைத்தே ஆளையும் ஆளின் அவசரத்தையும் சொல்லிவிடுவாள்.

எழுபத்தேழில் அந்தக் காதைத்தான் ஒருவன் அடித்து உடைத்தான்.

அடித்தவன் பெயர் யாதகிரி. போவன்பள்ளியில் சொந்த நிலத்தில் காய்கறி போடும் குடும்பத்துப் பிள்ளை. தொழிற்சாலையில் டெம்பரரியாகச் சேர்ந்து நாலு வருஷம் கடைசல் மெஷினில் நின்றவன். நிரந்தரம் ஆகும் நேரத்தில் அவனையும் இன்னும் சிலரையும் வெளியே அனுப்பிவிட்டார்கள். கேட்டில் உள்ளே விடாததால் அவன் வெளியே ஒரு கடையிலிருந்து ஃபோன் செய்து ஒர்க்ஸ் மேனேஜரைக் கேட்டான். அந்தப் பையன் பேசினால் சார் மீட்டிங்கில் இருக்கிறார் என்று சொல்லிவிடுங்கள் என்பது ஜெயசுந்தரிக்கு வந்த உத்தரவு. அவளும் அப்படியே சொன்னாள், மரியாதையாக, தெலுங்கில். மறுநாளும் அதையே சொன்னாள். ஒரு மாதம் சொன்னாள். அவன் சில நாள் கெஞ்சினான், சில நாள் ஒன்றும் பேசாமல் வைத்துவிட்டான்.

ஒரு சாயங்காலம் கேட்டுக்கு எதிரே பஸ்ஸுக்கு நின்றிருந்தவளிடம் வந்து, எக்ஸ்சேஞ்சில் பேசுகிற அம்மா நீங்கள்தானா என்று கேட்டான். ஆமாம் என்றாள். அவ்வளவுதான். கையை ஓங்கி வலது கன்னத்தில் ஒன்று விட்டான். அவள் சுதாரிப்பதற்குள் அதே இடத்தில் இன்னொன்று. கீழே விழுந்தவளுக்கு பஸ் ஸ்டாப்பில் கூச்சல் போட்டவர்களின் வாய் அசைவது தெரிந்தது. சத்தம் பாதிதான் வந்தது. மற்றப் பாதி அதற்குப் பிறகு வரவே இல்லை.

ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் அவள் புருஷன் மோசஸ் அவளைத் தாங்கினான் என்றுதான் சொல்ல வேண்டும். அவன் போலாரத்தில் ராணுவக் கட்டடங்களைப் பராமரிக்கும் ஆபீசில் கிளார்க். லீவு போட்டுவிட்டுப் பக்கத்திலேயே இருந்தான். பெண் லோயிஸுக்குத் தலை பின்னிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினான். பேசும்போதெல்லாம் எழுந்து அவளுடைய இடது பக்கம் வந்து பேசக் கற்றுக்கொண்டான். இப்படி ஒரு மனுஷனைக் கட்டிக்கொடுத்ததற்காக அவள் செத்துப்போன அப்பாவை நினைத்துக்கொண்டாள்.

டாக்டர் காது திரும்பாது என்று எழுதிக் கொடுத்த பிறகு, இதற்கு யார் என்ன கொடுப்பார்கள் என்று பார்க்க மோசஸ்தான் அலைந்தான். கம்பெனியில் பர்சனல் ஆபீசர் வருத்தப்பட்டார். ஆனால் அடி விழுந்தது கேட்டுக்கு வெளியே, டியூட்டி முடிந்த பிறகு. மேலும் அவள் மெஷினில் வேலை செய்கிற தொழிலாளியும் இல்லை. அதனால் நஷ்ட ஈட்டுச் சட்டம் அவளுக்குப் பொருந்தாது என்றார். ஒற்றைக் காதோடு போர்டில் உட்கார முடியாது என்று டெஸ்பாட்ச் பிரிவுக்கு மாற்றினார்கள். ஆபரேட்டர்களுக்கு உண்டான அலவன்ஸும் போயிற்று. சம்பளம் குறையாமல் இருப்பதே பெரிய சலுகை என்று அவளுக்குச் சொல்லப்பட்டது.

கேஸை நடத்தியது போலீஸ். ஆனாலும் கூட நிற்க ஒருவர் வேண்டும் என்று மோசஸ் செகந்திராபாத்தில் வேதாசலம் என்ற தமிழ் வக்கீலைப் பிடித்தான். பையனுக்குத் தண்டனை கொடுத்து அபராதமும் போட்டால், அந்த அபராதத்திலிருந்து அடிபட்டவருக்கு இவ்வளவு என்று கொடுக்கச் சொல்லப் புதுச் சட்டத்தில் இடம் இருக்கிறது என்றார் அவர். இடம் இருக்கிறதே தவிர யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. போட்டாலும் சில நூறு ரூபாய். அதைக் கட்டாமல், பதிலுக்குக் கொஞ்ச நாள் ஜெயிலில் இருந்துவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம். இல்லாவிட்டால் ராஜி. அடிபட்டவர் சம்மதித்து, மாஜிஸ்திரேட்டும் அனுமதித்தால், கேஸ் அதோடு தீரும். அவன் குற்றமில்லாதவனாகப் போய்விடுவான்.

"ராஜியா? அவன் கம்பி எண்ணணும் சார்," என்றான் மோசஸ் அன்றைக்கு.

வாய்தா மேல் வாய்தாவாகப் போயிற்று. கோர்ட்டு வராந்தாவில் ஒரே ஒரு நீள பெஞ்சு. அதன் ஒரு முனையில் ஜெயசுந்தரி உட்காருவாள். மறுமுனையில் யாதகிரியும் அவன் அம்மா நரசம்மாவும் உட்காருவார்கள். நரசம்மா ஒரு வார்த்தை பேசியதில்லை. டப்பாவிலிருந்து சோற்றை எடுத்து மகன் முன்னால் வைப்பாள். அவன் தலையை ஆட்டுவான். திரும்பவும் மூடி வைப்பாள். ஒரு நாள் அவன் எழுந்து நேரே ஜெயசுந்தரியிடம் வந்து, சார் நிஜமாகவே மீட்டிங்கில்தான் இருந்தாரா என்று கேட்டான். கோபமில்லாமல், தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகக் கேட்டான். அவளால் ஆமாம் என்று சொல்ல முடியவில்லை. இல்லை என்றாள். அவன் தலையசைத்துவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டான்.

அவன் அடித்தது நியாயம் என்று அவள் நினைக்கவில்லை. தூங்கும்போது காதுக்குள் இரைச்சல் கேட்டு எழுந்து உட்காருகிறவள் எப்படி நினைப்பாள். ஆனால் ஒரு மாதம் முழுக்க அவனுக்கும் அவன் சோற்றுக்கும் நடுவில் தன் குரல்தானே பொய் சொல்லிக்கொண்டு நின்றது என்ற எண்ணம் வந்த பிறகு, அவன் ஜெயிலுக்குப் போவதில் அவளுக்கு ஆசை விட்டுப்போயிற்று. பல நாள் ஜெபம் பண்ணினாள். பிறகு ஒரு சாயங்காலம், சாப்பாட்டுக்குப் பிறகு, மோசஸிடம் சொன்னாள். அவனை விட்டுவிடப் போகிறேன். பணம் காசு எதுவும் வேண்டாம். அவர்களே கொடுத்தாலும் வேண்டாம். சும்மா விட்டுவிடப் போகிறேன்.

மோசஸ் குதிப்பான் என்று எதிர்பார்த்தாள். அவன் சாப்பிட்ட தட்டை மெல்ல ஓரமாக நகர்த்தி வைத்தான்.

"உன் மனசுக்கு அதான் சரின்னு பட்டா நான் குறுக்க நிக்கல. ஆனா உடனே சொல்லிராத சுந்தரி. அடுத்த வாய்தா வரைக்கும் பொறு. நல்லா ஜெபம் பண்ணி முடிவு பண்ணு," என்றான்.

அவள் கண்ணில் நீர் வந்துவிட்டது. தன்னால் அவனும் மாறியிருக்கிறான் என்று நினைத்தாள்.

அடுத்த வாய்தாவில் மாஜிஸ்திரேட் அவளைக் கூப்பிட்டு, யாராவது மிரட்டினார்களா என்று கேட்டார். இல்லை என்றாள். பணமோ வேறு எதுவுமோ வாங்கிக்கொண்டு சம்மதிக்கிறீர்களா என்று கேட்டார்.

"ஒன்றும் வாங்கவில்லை. மன்னித்துவிட்டேன்," என்று தெலுங்கில், எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

மாஜிஸ்திரேட் எழுதிக்கொண்டார். யாதகிரியை விடுவித்தார். வெளியே வந்தபோது நரசம்மா தன் கையைப் பிடித்துக்கொள்வாள், அழுவாள் என்று ஜெயசுந்தரி கொஞ்சம் எதிர்பார்த்திருந்தாள். அம்மாவும் மகனும் திரும்பிப் பார்க்காமல் படியிறங்கிப் போனார்கள். வெட்கமாக இருக்கும் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

அந்த வருஷமே மோசஸ் ஒரு ஸ்கூட்டர் வாங்கினான். அந்தக் காலத்தில் ஸ்கூட்டருக்குப் பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்காகக் காத்திருப்பார்கள். இவன் யாரோ ஒருவருக்கு வந்த வண்டியை மேலே பணம் கொடுத்து வாங்கினான். பி.எஃப். லோன் போட்டேன் என்றான். இனிமேல் பஸ் ஸ்டாப்பில் நிற்க வேண்டாம் என்று தினமும் அவளை சனத்நகரில் கொண்டுவிட்டான். ஞாயிற்றுக்கிழமை லோயிஸ் முன்னால் நிற்க, ஜெயசுந்தரி பின்னால் உட்கார, மூன்று பேருமாகக் கோயிலுக்கு ஆராதனைக்குப் போவார்கள். தன்னைச் சும்மா மன்னிக்க விட்ட மனுஷனின் தோளைப் பிடித்துக்கொண்டு போகிறோம் என்று அவளுக்கு ஒரு நிறைவு இருந்தது. காது போனது கூட ஒரு விதத்தில் தங்கள் இருவரையும் நெருக்கமாக்கியது என்று எலிசபெத் என்ற சிநேகிதியிடம் அவள் ஒரு முறை சொன்னதும் உண்டு.

இரண்டு வருஷம் அப்படிப் போயிற்று.

கோயிலில் விளைச்சலைக் காணிக்கையாகப் படைக்கும் அறுப்பின் பண்டிகை வந்தது. காய்கறி வாங்கும் பொறுப்பு பெண்கள் சங்கத்துக்கு. ஜெயசுந்தரி ஒரு ரிக்‌ஷாக்காரனை வைத்துக்கொண்டு போவன்பள்ளிக்குப் போனாள். அங்கே ரோட்டோரம் தக்காளிக் கூடைக்குப் பின்னால் நரசம்மா உட்கார்ந்திருந்தாள். ஆள் இளைத்திருந்தாள். ஜெயசுந்தரிக்கு அவளைப் பார்த்ததில் உண்மையிலேயே சந்தோஷம். தக்காளி எடை போடச் சொல்லிவிட்டு, பையன் எப்படி இருக்கிறான் என்று கேட்டாள். வாடகைக்கு ஆட்டோ ஓட்டுகிறான் என்றாள் நரசம்மா, தராசிலிருந்து கண்ணை எடுக்காமல். சொந்தத் தோட்டத்துத் தக்காளியா என்று கேட்டாள் ஜெயசுந்தரி.

நரசம்மா ஏதோ சொன்னாள். ஜெயசுந்தரிக்குச் சரியாக விழவில்லை. குனிந்து இடது காதைக் கொடுத்தாள்.

"தோட்டம் ஏது? அதை வித்துத்தானே உனக்குக் கொடுத்தோம்," என்றாள் நரசம்மா திரும்பவும்.

அப்போதும் தப்பாகக் கேட்டுவிட்டது என்றுதான் ஜெயசுந்தரி நினைத்தாள். எதைக் கொடுத்தீர்கள் என்றாள். நரசம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. ஐயாயிரம் ரூபாய். உன் புருஷன் எங்கள் வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்து கேட்டான். அவளை ஒரு வாய்தா பொறுக்கச் சொல்லியிருக்கிறேன், அதற்குள் புரட்டுங்கள் என்றான். தண்டனை விழுந்தால் எந்தக் கம்பெனியும் பையனைச் சேர்க்காது என்று பயந்து, பாதி விலைக்குக் கொடுத்தோம். கோர்ட்டில் நீ ஒன்றும் வாங்கவில்லை என்றுதான் சொல்லுவாய், அப்படிச் சொல்வது வழக்கம், நீங்கள் வாய் திறக்காதீர்கள் என்றும் அவன்தான் சொன்னான். நீயும் எவ்வளவு அழகாகச் சொன்னாய்.

ஜெயசுந்தரி தக்காளிக்குக் காசு கொடுத்தாள். ரிக்‌ஷாவைக் கோயிலுக்கு அனுப்பிவிட்டு, பஸ் ஏறி நேரே வேதாசலம் வக்கீல் வீட்டுக்குப் போனாள்.

வேதாசலம் மறுக்கவில்லை. பணம் கைமாறியது தன் வீட்டு முன்னறையில்தான் என்றார். அவருக்கு ஆச்சரியமே, இவளுக்குத் தெரியாது என்பதுதான்.

"உங்களுக்குத் தெரிஞ்சு, சொல்லிக்கொடுத்தபடி சொன்னீங்கன்னுல்லம்மா நினைச்சேன். நஷ்ட ஈடு வாங்குறது தப்பே இல்ல. வாங்கினேன்னு வெளிப்படையா சொல்லியிருந்தாக்கூட அந்த மாஜிஸ்திரேட் ராஜிக்கு விட்டிருப்பார். உங்க காதுக்கு அது உங்க பணம்தானே," என்றார்.

இப்போது என்ன செய்யலாம் என்று கேட்டாள். கோர்ட்டுக் காகிதத்தில் ஒன்றும் வாங்கவில்லை என்று இருக்கிறது, உங்கள் வாயாலேயே சொன்னது, அதைத் திறந்தால் முதலில் நீங்கள்தான் பொய் சொன்னவராக நிற்பீர்கள் என்றார்.

அன்று சாயங்காலம் மோசஸ் ஆபீசிலிருந்து வந்து சட்டையைக் கழற்றும்போதே அவள் கேட்டாள். லோயிஸ் பக்கத்து வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தாள்.

"போவன்பள்ளியில போய் என் காதுக்குப் பணம் வாங்குனீங்களா?"

அவன் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். பொய் சொல்ல முயற்சி செய்யவில்லை. அது மட்டும்தான் அவனிடம் மிச்சமிருந்த மரியாதை.

"வாங்குனேன். கம்பெனி ஒரு பைசா தரல. அலவன்ஸ் போச்சு. ஆஸ்பத்திரிக்கு எங்கிட்டு இருந்து கொடுத்தேன்னு நீ ஒரு நாளாவது கேட்டியா? நீ பாட்டுக்கு மன்னிக்குதேன்னுட்ட. குடும்பம்னு ஒண்ணு இருக்கில்லா?"

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா வேண்டாம்னுருப்ப."

"அப்ப நான் வேண்டாம்பேன்னு தெரிஞ்சுதான் போயிருக்கீங்க."

அவன் சட்டையை ஆணியில் மாட்டினான். யாருக்கு என்ன நஷ்டம் சொல்லு, அந்தப் பையன் வெளியே வந்துவிட்டான், நமக்கும் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது என்றான். அவளுக்கு அவனுடைய கணக்கு முழுவதும் அப்போதுதான் விளங்கியது. அவள் விட்டுவிடப் போகிறாள் என்று அவனுக்கு முன்னமே தெரியும். அவர்கள் ஒரு காசு கொடுக்காவிட்டாலும் பையன் வெளியே வந்திருப்பான். அந்த ஒரு வாய்தா அவள் ஜெபத்துக்காக இல்லை, அவர்கள் நிலம் விற்பதற்காக. அவள் முழங்காலில் நின்ற அந்த ஒரு மாதமும் இவன் பக்கத்தில் நின்று ஆமென் சொல்லியிருக்கிறான்.

பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவோம் என்று இரண்டு நாள் கழித்து மோசஸே வந்தான். ஸ்கூட்டரை விற்றுவிடுகிறேன் என்றும் சொன்னான். கொடுங்கள், ஆனால் நீங்களே போய்க் கொடுத்து, என் பெண்டாட்டிக்கு இது தெரியாது, அவள் சும்மாதான் விட்டாள் என்று அந்த அம்மாளிடம் சொல்ல வேண்டும் என்றாள் ஜெயசுந்தரி. மோசஸின் முகம் மாறியது. அவன் அப்போது கோயில் கமிட்டிக்கு நின்றிருந்தான்.

"நக்கோ, வேண்டாம் சுந்தரி. பணம் வேணும்னா யார் மூலமாவது அனுப்பிருதேன். போய்ச் சொல்லுததுன்னா... அது ஊர்ல பரவும். வேற என்ன வேணும்னாலும் கேளு."

வேறு எதுவும் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை தானே போனாள்.

நரசம்மா அதே இடத்தில் அழுகின தக்காளியைப் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். ஜெயசுந்தரி கூடைக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். எனக்குத் தெரியாது. நான் வாங்கவில்லை. நீங்கள் ஒன்றுமே கொடுக்காவிட்டாலும் உங்கள் மகனை விட்டிருப்பேன், அதை முன்னாலேயே முடிவு செய்துவிட்டேன். சொல்லச் சொல்லத் தன் நெஞ்சு லேசாகும் என்று நம்பித்தான் வந்திருந்தாள்.

நரசம்மா கையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தாள். நம்பிவிட்டாள் என்பது தெரிந்தது. நம்பினதுதான் கொடுமையாகப் போயிற்று.

"அப்படின்னா என் நிலம் சும்மாவே போச்சா?"

அந்த நிலத்தைக் கொடுத்துப் பிள்ளையை மீட்டோம் என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் இந்தப் பொம்பளை இரண்டு வருஷமாக அடுத்தவன் தக்காளியை விற்றுக்கொண்டிருந்திருக்கிறாள். அதையும் தான் வந்து பிடுங்கிவிட்டோம் என்று ஜெயசுந்தரிக்குப் பட்டது. பணத்தை எப்படியாவது திருப்பிக் கொடுக்கிறேன் என்றாள். ஐயாயிரத்துக்கு இப்போது அந்த நிலத்தில் ஒரு மூலை கூட வராது என்றாள் நரசம்மா. வாங்கினவன் அங்கே வீடு கட்டிவிட்டான்.

எழுந்திருக்கப் போனவளை நரசம்மா முந்தானையைப் பிடித்து நிறுத்தினாள்.

"என் மகன்கிட்ட இதைச் சொல்லாதே அம்மா. கொடுத்துத் தீர்த்தாச்சுன்னு நினைச்சுத்தான் அவன் தலைநிமிர்ந்து நடக்கிறான். இது தெரிஞ்சா உன் புருஷனைத் தேடி வருவான். இன்னொரு கேஸ் எங்களால தாங்காது."

சொல்லமாட்டேன் என்று ஜெயசுந்தரி வாக்குக் கொடுத்தாள். அந்தப் பையன் மனதில் தான் கடைசிவரை காசு வாங்கிக்கொண்டு பொய் சொன்னவளாகவே இருக்கப்போகிறோம் என்று தெரிந்துதான் கொடுத்தாள்.

திங்கட்கிழமை தொழிற்சாலையில் குவார்ட்டர்ஸுக்கு மனு எழுதிக் கொடுத்தாள். டெஸ்பாட்ச் பிரிவுக்காரிக்கு வீடு கிடைக்க எட்டு மாதம் ஆயிற்று. கிடைத்தது ஒற்றை அறையும் சமையலறையும். பள்ளிக்கூடம் பக்கம் என்று சொல்லி லோயிஸைக் கூட்டிக்கொண்டு அங்கே போய்விட்டாள். கோயிலில் கேட்டவர்களுக்கும் அதையேதான் சொன்னாள். மோசஸ் கமிட்டிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டான். காணிக்கைத் தட்டோடு அவன் வரிசை வரிசையாக வரும்போது அவள் பார்வையைத் தாழ்த்திக்கொள்வாள். மாதாமாதம் சம்பளத்தில் ஒரு தொகையைக் கொண்டுபோய் நரசம்மாவிடம் கொடுத்தாள். நரசம்மா வாங்கி முடிந்துகொள்வாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மோசஸ் குவார்ட்டர்ஸுக்கு வருவான். மகளைப் பார்ப்பான், சாப்பிடுவான். அவள் சோறு போடாமல் இருந்ததில்லை. ஒரு நாள் லோயிஸ் வெளியே போன சமயம் பார்த்து அவன் கேட்டுவிட்டான்.

"உன் காத உடைச்சவனையே மன்னிச்ச. கட்டின புருஷன மன்னிக்க முடியலையா?"

"அவனுக்கு நான் யாருன்னு தெரியாது. ஃபோன்ல கேட்ட ஒரு குரல், அவ்வளவுதான். நீங்க என்னைய அணுஅணுவா தெரிஞ்சு வச்சிருந்தீங்க. அதனாலதான உங்களால அவ்வளவு சரியா செய்ய முடிஞ்சுது," என்றாள் ஜெயசுந்தரி.

அவன் கையைக் கழுவிக்கொண்டு வெளியே போய் நின்றான். அதற்குப் பிறகும் பல வருஷம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்தான். அந்தக் கேள்வியை மட்டும் திரும்பக் கேட்கவில்லை. அவளும் அதற்கு இன்னும் ஒரு பதில் உண்டா என்று யோசித்துப் பார்த்ததுண்டு. இருந்தால் அது தன்னாலேயே ஒரு நாள் வரட்டும் என்று விட்டுவிட்டாள்.